வேலுச்சாமி அண்ணனுக்குக் கிடைக்காத கட்டு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். இந்த வயதிலும் பஸ் நிற்கும்வரை பொறுமை கிடையாது எனக்கு. மெடிக்கலில் வாங்கிய பேண்டேஜ் உறையைக் கிழித்ததும் ஒரு பிளீச்சிங் வாடை வந்தது பாருங்கள், வலி மறந்து ராஜபாளையத்துக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் அங்கே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் வேலை பார்த்தேன். நான் சுருட்டுவதெல்லாம் கோணல். பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்து பெட்டியில் அடுக்குவார் தளவாய்புரத்து முத்துலட்சுமி அக்கா. அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமி அண்ணன் மிலிட்டரியில் இருந்தார். லீவில் வந்தால் கம்பெனி வாசலில் சைக்கிளோடு நின்று, "ஏட்டி, சீக்கிரம் வா" என்று ஊருக்கே கேட்கக் கூப்பிடுவார். அக்கா வெட்கத்தில் என்னைக் கிள்ளுவார்.

அந்த அண்ணன் காஷ்மீர் எல்லையில் இறந்துபோனார். எதிரிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பள்ளத்துக்குள் இழுத்துப் போட்டாராம். டெல்லிக்கு வரச்சொல்லி அக்காவிடம் பதக்கம் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர் டெல்லி டீ வாயில் வைக்க விளங்கவில்லை என்றார். பதக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்காரரைப் பற்றி அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். "அவியளுக்கு யாராச்சும் கட்டுப் போட்டாவளா?" பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே கேட்டார். நாள் முழுக்கக் கட்டுத்துணியோடு கிடப்பவர் வேறென்ன கேட்பார்?

பதில் கொண்டுவந்தவர் அண்ணனோடு இருந்த ஒரு சிப்பாய். கம்பெனி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஆளுக்கு ஒரு கட்டுதான்க்கா பையில இருக்கும். எனக்கு என்னோடது பத்தலன்னு அண்ணன் தன்னோடதையும் எடுத்துக் கட்டிட்டாரு. பொறவுதான் அவருக்குத் தொடையில பட்டுச்சு. சட்டையக் கிழிச்சுக் கட்டுனேன். ரத்தம் நிக்கலக்கா."

அக்கா அழவில்லை. "நீ சாப்பிட்டியா தம்பி?" என்றார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் கணக்குக்கு மேல் ஒரு சுருளை வைத்து ஒட்டினார் அக்கா. ஒருநாள் சூப்பர்வைசர் பிடித்துவிட்டார்.

"இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போறதும்மா. மிலிட்டரிக்கு நாம அனுப்புறதே இல்ல."

"எங்கன போனா என்ன? யாருக்காச்சும் ஒண்ணு பத்தாமப் போகும்லா" என்றார் அக்கா. கை அடுக்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அவரைப் பெட்டிப் பக்கமே விடாமல் வெளுப்புத் தொட்டிக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

இப்போது அக்கா இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை. புதிய கம்பெனிகளில் மெஷினே எண்ணிப் போட்டுப் பெட்டியை ஒட்டிவிடுகிறதாம். ஒன்றுகூட அதிகமாக விழுவதில்லை.