கோலின் மறுமுனை

மேனாம்பேட்டில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பத்து மணிக்குள் துணையில்லாமல் வந்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். பார்வையில்லாத எனக்குக் கையில் வெள்ளைக்கோல், இரண்டு காதிலும் இயர்போனில் வழி சொல்லும் செல்போன் குரல்.

“நேராகச் செல்லவும்” என்றது குரல். கோல் மண்மேட்டில் முட்டியது. மழைநீர்க் கால்வாய்க்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தது அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. மறுபடியும், “நேராகச் செல்லவும்.” எரிச்சலில் மேட்டின் மேல் கால் வைத்தேன்.

யாரோ கோலின் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். எப்போதும் இப்படித்தான். உதவ வருகிறவர்கள் என்னை மாட்டைப் போல இழுத்துக்கொண்டு போவார்கள்.

“விடுங்க. போன் வழி சொல்லுது.”

“இன்னாத்த சொல்லுது? எவ்ளோ நேரமா கூவுறேன். இன்னொரு அடி வச்சா பள்ளத்துல கீற.” வடைச்சட்டியின் வாசனையோடு வந்தது தள்ளுவண்டிக்காரம்மாவின் குரல்.

“அதுக்குக் கோலப் புடிச்சா இழுப்பீங்க? அதுதாம்மா எனக்குக் கண்ணு.”

“அப்ப எப்டி இட்டுகினு போணும்? நீயே சொல்லு நைனா.”

இழுத்தவர்களையெல்லாம் இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன். எப்படி அழைத்துப்போக வேண்டும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

“உங்க முழங்கைய நான் புடிச்சுக்கறேன். நீங்க ஓரடி முன்னால நடங்க.”

“அவ்ளோதானா? இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?”

மாவு ஒட்டிய அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனபோது பத்தேகால்.

“தனியா வரேன்னியேப்பா” என்றாள் மகள்.

செல்போன் குரல்மேல் எரிச்சல் இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் அதற்கு ஒரு காதுதான் தருகிறேன். யாராவது கோலைத் தொட்டால், முழங்கையைக் கேட்கிறேன்.