பின்னால் இருந்த வீடு

போட்டோவில் ஆளை விட்டுவிட்டு, ஆளுக்குப் பின்னால் இருப்பதை நீக்கித் தருவது என் தொழில். காரைக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ‘ஒரே கிளிக்கில் போய்விடும்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அவர்கள் யாரும் காற்றில் பறக்கும் தலைமுடியைப் பார்த்ததில்லை. இதே தொழிலில் மவுஸ் பிடித்தே மணிக்கட்டு தேய்ந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

வெள்ளைக்கு வெள்ளை

தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார். வெள்ளை முடி; பின்னாலும் வெள்ளைதான் இருக்க வேண்டும். நான் பட்டனைத் தட்டினேன். சுவரோடு சேர்த்து அவர் முடியையும் சாப்ட்வேர் விழுங்கிவிட்டது. திரையைப் பார்த்தவர் கோபப்படவில்லை, தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இருக்கிறதே நாலு முடி. அதையும் நீங்க எடுத்துட்டீகன்னா, ஏர்போர்ட்டுல நான்தான்னு எப்படி நம்புவாக?”

எட்டில் ஒன்று

ஒரு பெரியவர் மகள் மெய்யம்மையை அழைத்து வந்தார். வரன் பார்க்கிறார்கள், ஜாதகத்தோடு அனுப்பப் போட்டோ வேண்டும். நான் எடுத்து முடித்ததும், போனில் தங்கள் வீட்டு முகப்பைக் காட்டி, மகளை வெட்டி அதன் முன்னால் நிறுத்தச் சொன்னார். அரண்மனை மாதிரி முகப்பு. ஆனால் அது எட்டுப் பங்காளிகளுக்குப் பொது. இவர்கள் பங்குக்கு உள்ளே இருப்பது ஒரே ஓர் அறை. இதை அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார். நானும் தரையில் நிழல்கூடப் போட்டு, அசல் மாதிரியே செய்து கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

“இதுல பொய் ஒண்ணும் இல்லையே ஆத்தா. எட்டுல ஒண்ணு எங்களதுதானே.”

போட்டோ பார்த்து வந்தவர்கள்

இரண்டு மாதம் கழித்து மெய்யம்மை தனியாக வந்தாள். அந்தப் போட்டோவைப் பார்த்து மூன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம். முகப்பில் மலர்ந்த முகம், இவர்கள் அறைக்குள் வந்ததும் சுருங்கிவிடுமாம். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்த நிழலைப் போட்டது என் கைதானே. வீட்டை எடுத்துவிட்டு வெறும் வெள்ளை வைக்கட்டுமா என்று கேட்டேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, போனில் தங்கள் அறையைக் காட்டினாள். தையல் மெஷின், அடுக்கிய பெட்டிகள், துணி காயும் கொடி.

“இதுக்கு முன்னால என்னைய நிறுத்துங்க அக்கா. இதைப் பாத்துட்டு வாரவுக திரும்பிப் போகமாட்டாக.”

கொடி

மறுநாள் போட்டோ வாங்க அப்பாவும் கூடவே வந்துவிட்டார். திட்டு விழப்போகிறது என்று எழுந்து நின்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். “நம்ம வீடு இதுதானே அப்பச்சி” என்றாள் மகள். அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். மூன்று தடவையும் வாசல்வரை போய் வழியனுப்பியவர் அவர்தானே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“சரி, இதையே அனுப்புவோம். கொடியில காயிற என் வேட்டிய மட்டும் எடுத்துருங்க ஆத்தா.”

எத்தனையோ சுவரையும் வானத்தையும் நீக்கியிருக்கிறேன், மனசார நீக்கியது அந்த ஒரு வேட்டியைத்தான்.