மேய்ப்பனுக்குப் போர்த்திய கம்பளி

வேங்கிக்காலில் அலுவலக நண்பர் வீட்டில் போன வாரம் கிறிஸ்துமஸ் குடில் வைத்தார்கள். அவருடைய சின்ன மகள் ஒரு மேய்ப்பன் பொம்மையை என் கையில் கொடுத்து, "இவர எங்க வைக்கலாம் அங்கிள்?" என்றாள். பொம்மையில் புது பெயிண்ட் வாசனை. மேய்ப்பன் என்றால் எனக்கு வேறு வாசனை: ஈரக் கம்பளியும் ஆட்டு மூத்திரமும் கலந்தது. சொன்னால் குழந்தை பொம்மையைத் தொடமாட்டாள் என்று, அவரைக் குடிலின் ஓரத்தில் வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அக்காவும் செம்மறி மேய்த்தார்கள். ராத்திரியில் எருவுக்காக யாருடைய கழனியிலாவது ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள்; காவலுக்கு ஒரு ஆள் அங்கேயே இருக்க வேண்டும். நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளி. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் பிரித்தபோது சார் யோசிக்கவே இல்லை.

"நீ மேய்ப்பன்டா. நீ நடிக்கவே வேணாம்."

நான் ஆசைப்பட்ட ராஜா வேஷம் கிடைக்காத துக்கத்தை அவரே ஆற்றினார். "சாமி பொறந்த சேதி மொதல்ல ராஜாவுக்கா போச்சு? ஊரு மதிக்காத ஆட்டுக்காரங்களுக்குத்தான்டா வந்துச்சு."

கொஞ்சம் தலைக்கனத்தோடு அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் கொழந்தயப் பாக்கப் பூட்டா, ஆட்ட யாரு பாத்துக்கினாங்க?" என்றாள்.

"சாமி பாத்துக்கும்."

"ஆமா, நம்ம ஆட்டயும் அதுதான் பாக்குது." சிரித்தாள். பிறகு மெதுவாக, "நானும் வரேன்டா. அப்பாகிட்ட நீ சொல்லு" என்றாள்.

நான் சொல்லவில்லை. அவள் வந்தால் அப்பா கிடையில் நிற்க வேண்டும். மேடையில் என்னை அப்பா பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. போதாததற்கு வீட்டிலிருந்த ஒரே கம்பளியையும் வேஷத்துக்கு எடுத்துக்கொண்டேன். மார்கழிப் பனி. "எடுத்துக்கினு போ, எனக்குச் சாக்கு ஒன்னு கீது" என்றாள்.

மேடை விளக்கில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. பக்கத்து ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு, "தள்ளி நில்றா, கப்படிக்குது" என்றான். கீழே அப்பா கை தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா இருமிக்கொண்டே, "கத எப்டிடா முடிஞ்சிது?" என்று கேட்டாள்.

எளியவர்களைத் தேடி வந்த கடவுள் என்று அந்தக் கதைக்கு அர்த்தம் சொல்கிறார்கள். நம்புகிறேன். ஆனால் சேதி சொன்ன தேவதூதனின் குரல் கிடையிலிருந்த அத்தனை பேருக்கும்தானே கேட்டிருக்கும்? யாரோ ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் போயிருப்பார்கள்.

ஆடுகளை விற்றாகிவிட்டது. கிடை போட்ட கழனிகள் வீட்டு மனைகளாகிவிட்டன. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவை இந்த வருஷமாவது நாடகத்துக்கு அழைத்துப் போகலாம் என்று பள்ளியில் போய் விசாரித்தேன்.

"நாடகமெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாச்சு சார்" என்றார் வாட்ச்மேன்.

மேடை போட்ட இடத்தில் பள்ளி வேன்கள் நின்றுகொண்டிருந்தன.