தசைத் துண்டில் கிடைத்த பதில்

“படிச்ச காலு அவ்வளவு சீக்கிரம் மடங்காதுலா” என்றார் எங்கள் எஸ்டேட் சபையின் பாஸ்டரம்மா. ஜெபவேளையில் எல்லாரும் முழங்கால்படியிட்டிருக்க, நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் மெதுவாகச் சொல்லவில்லை. பின்வரிசை வரை கேட்டது. ஜெபத்தின் நடுவிலேயே சிலர் சிரித்தார்கள்.

என் அப்பா எஸ்டேட்டில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்து, பட்டமும் வாங்கி, சிரம்பான் நகரத்தில் அலுவலக வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நான் முழங்கால்படியிடாததற்குக் காரணம் அதுவல்ல. மண்டியிட்டால் என்னால் எழ முடியாது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தொடங்கியது. முதலில் படியேற முடியவில்லை. பிறகு தலைவாரக் கை உயரவில்லை. வேலையை விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாதான் சடை பின்னிவிட்டார். கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். சபையில் என் மனமேட்டிமை உடைய வேண்டும் என்று ஜெபித்தார்கள். என் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்கள்.

சிரம்பான் மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், தசை சிதைகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். தொடையிலிருந்து சிறு துண்டு தசை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் பயாப்சி.

எங்கள் எஸ்டேட்டில் பயாப்சி என்றால் கேன்சர். வேறு அர்த்தமே கிடையாது. அந்த வாரமே வீடு நிறைய ஆட்கள். ஆப்பிள், ஆரஞ்சு, கோழி சூப். பாஸ்டரம்மா என் தலையில் கைவைத்து அழுதார்.

“கேன்சர் இல்லீங்க. தசையிலதான் கோளாறு.”

“எங்ககிட்ட எதுக்கு மறைக்கிற பிள்ளை? பயப்படாதலா.”

எழ முடியாமல் கிடந்த மாதங்களில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இல்லாத நோய்க்கு இத்தனை பழங்கள்.

பரிசோதனை அன்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். “தோலை மட்டும் மரத்துப்போக வைப்போம். தசைக்குள்ள மருந்து போட்டா துண்டு கெட்டுடும். வெட்டும்போது வலிக்கும்மா, பொறுத்துக்கணும்.”

வலித்தது. அந்த நேரம் சபையார் உபவாசமிருந்து, ஒன்றும் இருக்கக் கூடாது என்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு எதிராக ஜெபித்தேன். ‘ஆண்டவரே, ஏதாவது இருக்க வேண்டும். இவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒன்றுமில்லை என்று வந்தால் நான் திமிர் பிடித்தவளாகவே முடங்கிப்போவேன்.’

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். முடிவு வந்தது. தசை அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கும் நோய். மருந்து உண்டு என்றார் டாக்டர்.

வெளியே காத்திருந்த அம்மா கேட்டார். “அதுக்குப் பேரு இருக்கா?”

“இருக்கும்மா.”

“அப்ப நீ வேணும்னு செய்யல.”

அப்போதுதான் அழுதேன். அம்மாவும் சந்தேகப்பட்டிருக்கிறார்.

அன்பானவர்களே, முழுச் சுகம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையால் முகம் வீங்கியிருக்கிறது. தரையிலிருந்து எழ இன்னும் ஒரு கை வேண்டும். ஆனால் என் தலையை நானே வாருகிறேன். அதற்காகத் தினமும் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். முடியவில்லை என்று யார் சொன்னாலும் இப்போது நம்புகிறேன். உங்கள் பலவீனத்துக்கும் பெயர் தெரியவில்லையா? அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். மனிதர் நம்பாததை அவர் நம்புகிறார்.

என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜெபத்தில் கேன்சர் ஓடிவிட்டது என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை வைத்திருக்கிறார்கள். நேற்று பாஸ்டரைப் பார்த்து, அன்று சாட்சி சொல்ல என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அறிவிப்பில் தப்பாகச் சொல்லிவிடாதபடி, நோயின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.