ஊதாப் பொட்டு வைத்த ஒயர்

செய்தி வந்தபோது நான் தேசிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்தில் எங்கள் சிற்பக் கூடத்துக் கம்ப்யூட்டர் காலையிலிருந்து மக்கர் செய்துகொண்டிருந்தது. மூன்று முறை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை. நான்காவது முறை அவன் மனைவி கஸ்தூரி எடுத்தாள். "அண்ணா, அவரு பூட்டாருண்ணா" என்றாள். சிறுசேரிக்குப் போகும் ஷட்டில் வேனில் ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். திட்டிய வாயை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன்.

அவனைத் தெரிந்த நண்பர்களே, உங்களுக்கு அவன் குணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வான். சனிக்கிழமையானால் ஊரப்பாக்கத்து வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவான். வந்ததும் முதலில் வசவு. "கல்லுத் தூளத் துன்னுகினு கீது மிஷினு. மனுசங்களா நீங்கல்லாம்?" வசவு தாராளமாக வரும், விளக்கம் மட்டும் வராது. எதைக் கேட்டாலும் பாதிப் பதில்தான். அந்தப் பாதிப் பதிலால் நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. உளி, சுத்தியலைக் கழுவிப் பொட்டு வைக்கிறோமே, கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் அங்கே சிலைகளுக்குப் படம் வரைபவன்; எனக்கு அதுதான் ஆயுதம். கூடத்தில் இருந்த மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகளையும் திறந்து தூசி தட்டி, டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்களையெல்லாம் உருவி, உபரியாகக் கிடந்தவற்றையும் சேர்த்துத் துடைத்து, ஒரே தாம்பாளத்தில் குவித்துக் கும்பிட்டோம். மறுநாள் காலை கைக்கு வந்ததைச் செருகினேன். மிஞ்சியதைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை. ஒரு கோயில் வேலைக்காக மாதக்கணக்கில் வரைந்த படங்கள் இருந்த டிஸ்க் போயே போய்விட்டது.

தேசிங்கு அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தான். "டிஸ்க் பக்கம் மூஞ்சி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்டா. பவர் சப்ளை பக்கம் ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவன் இஷ்டத்துக்குக் கம்பிய மாத்தி வப்பான். சொருவிக்கிச்சுன்னா சரின்னு அர்த்தமாடா?" என்று கத்தினான். நல்லவேளை, படங்களின் நகலை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தான். ஆனால் அந்தப் பெட்டிக்கு உரிய ஒயர் பழைய சாமானோடு போயிருந்தது. மறுநாள் காலை எங்கிருந்தோ ஒரு ஒயரோடு வந்தான். செருகினான். படங்கள் திறந்தன.

"எங்கடா கெடச்சுது?" என்றேன்.

"கெடச்சுது, வுடு. வேலயப் பாரு."

நானும் வேலையைப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

அவன் போய்ப் பத்தாம் நாள் கஸ்தூரி அழைத்தாள். "காரியத்துக்குப் படம் மாட்டணும்ணா. எல்லாத்தையும் அவரே எடுப்பாரு, அவரு ஒண்ணுலயும் இருக்க மாட்டாரு. நான் எடுத்த ரெண்டு மூணு படம் கம்ப்யூட்டர்ல கீது. அது ரொம்ப நாளா தொறக்கல. கேட்டா 'ஒயர் வரும், ஒயர் வரும்'னுகினே இருந்தாரு."

ஊரப்பாக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தேன். படங்கள் இருந்த டிஸ்க் மின்சாரம் இல்லாமல் சும்மா கிடந்தது. மற்ற ஒயர்களின் நுனியில் எல்லாம் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. "என் நெயில் பாலிஷ்தாண்ணா. நம்ம வூட்டுதுன்னு அடையாளம் வச்சாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொட்டு வைத்துப் பாதுகாக்கத் தெரிந்தவனுக்கு, வேண்டிய ஒரு ஒயரை வாங்கி வைக்கத் தெரியாதா?

செங்கல்பட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் அந்தப் பவர் சப்ளை மாடலையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் ஒரு கத்தை ஒயரை மேசையில் போட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார், சொருவிப் பாருங்க" என்றார். கருகல் வாடை மூக்கிலேயே இருந்ததால் தொடாமல் வந்துவிட்டேன். அந்த வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபடி செத்தவனை வாய்விட்டே திட்டினேன்.

கடைசியில் டிஸ்க்கைக் கழற்றி எங்கள் கூடத்துக்கே எடுத்துவந்தேன். எங்கள் பெட்டியில் மாட்டிப் பார்க்கலாம் என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். எங்கள் டிஸ்க்குக்குப் போகும் ஒயரின் நுனியில், கல்தூளுக்கு அடியில், ஊதாப் பொட்டு.

அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் செய்த முட்டாள்தனத்துக்கு அவன் வீட்டுப் படங்கள் இரண்டு வருடம் இருட்டில் கிடந்திருக்கின்றன. பெண்டாட்டி கேட்கும்போதெல்லாம் ஒரே பொய்யைச் சொல்லிச் சமாளித்திருக்கிறான்.

அந்த டிஸ்க்கை அங்கேயே மாட்டிப் படத்தை எடுத்திருக்கலாம். மனம் வரவில்லை. ஒயரை உருவி, டிஸ்க்கோடு ஊரப்பாக்கத்துக்கே கொண்டுபோய் அதனதன் இடத்தில் செருகினேன்; படங்கள் திறந்தன. கடற்கரையில் பேன்ட்டை மடித்துவிட்டு, கேமராவை முறைத்தபடி நிற்கிறான். "போட்டோவுலயும் திட்டிகினுதான் கீறாரு" என்று கஸ்தூரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் புறப்படும்போது, "ஒயர எடுத்துக்கினு போங்கண்ணா, அங்க வேலை நின்னுடும்" என்றாள். எங்கிருந்து எடுத்தேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நான் எடுக்கவில்லை.

இப்போது எங்கள் டிஸ்க்குக்கு மின்சாரம் இல்லை. ஒயரும் சேர்ந்தே வரும்படி புதிய பவர் சப்ளை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்தபாடில்லை. முதலாளி தினமும் வந்து நிற்கிறார். "மக்கர் பண்ணாலும் ஓடிகினு இருந்துச்சே, அந்த ஒயர் இன்னாப்பா ஆச்சு?" முழுக் கதையையும் சொல்லலாம். சொன்னால் என் மேல் உள்ள கோபம் குறையவும் செய்யும். ஆனால் தேசிங்கிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பாதிப் பதிலைத்தான்.

"ஒயர் வரும்" என்கிறேன்.