கம்பளி ஈவான்

1897ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பள்ளி ஆசிரியராக இவ்வூருக்கு வந்த நான் அவரை முதன்முதலாகக் கண்டபோது, ஈவான் ப்ரோதரோ சிற்றாலய வாசலில் நின்று, எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த போதகரின் கோட்டுக் கையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“யார்க்‌ஷயர் துணிங்களா? ரெண்டு மழைக்குத் தாங்காதுங்க ஐயா. நம்ம ஊர்க் கம்பளியைப் போடுங்க. பிரசங்கமும் கொஞ்சம் கனமா வரும்.”

டைவி ஆற்றங்கரையில் உள்ள கம்பளி ஆலை அவருடையது. அலுவலக நாற்காலியில் பெரும்பாலும் பூனைதான் உறங்கும். முதலாளி தறிகளுக்கு நடுவே நின்றபடியே ஆட்டுக்கறிக் கஞ்சியைக் குடித்து முடிப்பார். தாடியில் எந்நேரமும் ஒரு கம்பளித் துணுக்கு ஒட்டியிருக்கும். தறிகளின் இரைச்சலுக்கு மேலே பேசியே வளர்ந்தவர் ஆதலால், மெல்லப் பேச அவருக்கு வராது. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டாலும் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

“நான் இங்கதாங்க இருக்கேன், தறிக்கு அந்தப் பக்கம் இல்ல,” என்பார் அவருடைய மனைவி ஹன்னா.

அந்தக் குரலே அவரை லிபரல் கட்சியின் மேடைக்கு ஏற்றியது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, குத்தகைக்காரரான அவருடைய தந்தை லிபரல் வேட்பாளருக்கு வாக்களித்தார். அக்காலத்தில் வாக்கினை ஊரறியச் சொல்லித்தான் அளிக்கவேண்டும். அடுத்த வசந்தத்தில், எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்த நிலக்கிழார் அக்குடும்பத்தைப் பண்ணையைவிட்டு வெளியேற்றினார். வீட்டுச் சாமான்களோடு வண்டியில் ஏறிய அந்தச் சிறுவன்தான் பின்னாளில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரான ப்ரோதரோ.

பிறகு தென்னாப்பிரிக்கப் போர் மூண்டது. அவர் அதனை எதிர்த்தார். அச்சமயத்திலேயே, படைவீரர்களின் சட்டைகளுக்குக் கம்பளித் துணி வேண்டும் என்று அரசு கேட்டது. ஆலையில் பாதி வாரம் வேலையில்லாமல் கிடந்த காலம் அது. அவர் அந்தத் துணியை நெய்து கொடுத்தார். போருக்கு எதிராகப் பேசுவதையும் நிறுத்தவில்லை.

1900ஆம் ஆண்டுத் தேர்தல் கூட்டத்தில் அவருடைய நெசவாளர் எஸ்மோர் லாட்விக் எழுந்து நின்றார். எஸ்மோரின் தம்பி அப்போது போர்முனையில் இருந்தான்.

“முதலாளி, என் தம்பி முதுகுல கிடக்கிறது நம்ம ஆலைத் துணி. ஆனா உங்க வாய் எதிராளி பக்கம் பேசுது. இதுல எது நீங்க?”

“ரெண்டும் நான்தான்டா எஸ்மோர். அவன் குளிர்ல நடுங்கவும் கூடாது, அங்க கிடக்கவும் கூடாது.”

“துணி விக்கிறவருக்குப் பேச்சு விக்கவா தெரியாது!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கூவினார். கூடமே சிரித்தது. ப்ரோதரோ அமர்ந்துவிட்டார்.

அத்தேர்தலில் அவர் தோற்றார். வென்றவரின் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, ஆட்களே கயிறு கட்டி இழுத்துச் செல்வது எங்கள் ஊர் வழக்கம். வாக்கு இப்போது இரகசியம்; கயிறு பிடிக்கும் கைகள் இரகசியமல்ல. கன்சர்வேடிவ் வேட்பாளரின் வண்டி ஆலை வாசலைக் கடந்தபோது, கயிற்றின் முன்முனையில் எஸ்மோரும் அவருக்குப் பின்னால் வேறு சில நெசவாளர்களும் இருந்தனர். ப்ரோதரோ சன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குச் செல்லும்போது, ஆலைச் சங்கு ஊதி முடிந்திருந்தது. கயிறு பிடித்தவர்கள் உள்ளே போகத் துணியாமல் வாசலுக்கு வெளியே நின்றனர். மேற்பார்வையாளர் ரீஸ் முதலாளியின் அருகில் நின்றுகொண்டிருந்தார்.

“யார் யாருன்னு சொல்றேன் முதலாளி. இன்னிக்கே அனுப்பிடுவோம். மத்தவனுக்கும் புத்தி வரும்.”

“எங்கப்பா பேரையும் பண்ணை ஏஜென்ட் இப்படித்தான்யா நிலக்கிழார்கிட்ட போய்ச் சொன்னான். வண்டியில ஏறினப்ப எங்கம்மா அழல. கோழிங்கதான் கத்துச்சு.”

“அதுவும் இதுவும் ஒண்ணா? இவங்க உங்க சோத்தைத் தின்னவங்க.”

“நிலக்கிழாரும் இதையேதான் சொன்னாரு.”

எஸ்மோர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னே வந்தார். “கயிறை முதல்ல பிடிச்சவன் நான். வீட்டுக்கு அனுப்புறதுன்னா என்னை மட்டும் அனுப்புங்க முதலாளி. இவங்கள்லாம் பிள்ளைகுட்டிக்காரங்க.”

ப்ரோதரோ அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார். வெளியே நின்றவர்களுள் ஒருவர் ஊர்ப்பக்கம் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டார்.

முதலாளி திரும்பி வந்தபோது, துவைத்த ஈரக் கம்பளித் துணியின் நீண்ட சுருள் ஒன்று அவர் தோளில் இருந்தது. படைவீரர் சட்டைக்கான துணிதான். தண்ணீர் வழிந்து சிற்றாலயத்துக்குப் போட்டுச்செல்லும் அவருடைய நல்ல கோட்டை நனைத்தது. ஆலையின் பின்புறச் சரிவில் உள்ள மரச்சட்டங்களில் அதனை இழுத்து மாட்டி உலர்த்தவேண்டும். அதற்கு இருவர் தேவை. ரீஸ் ஓடிவந்து கைநீட்டினார். ப்ரோதரோ அவரைத் தாண்டி வாசலுக்கு வெளியே வந்து, துணியின் ஒரு முனையை நீட்டினார்.

“இதைப் பிடிப்பா எஸ்மோர். மழை வர்றதுக்குள்ள மாட்டிடணும்.”