வீட்டிலிருந்து ஒருத்தரைக் கூப்பிடுங்கள்

நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு இப்போது அதில் ஒன்றுமில்லை.

ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக வெல்டிங் லைனில் இருக்கிறேன். ஷிஃப்டுக்கு முன்னால் தினமும் ஐந்து நிமிடம் எங்களை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கவைப்பார்கள். பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். நான் அப்படியில்லை. கண்ணாடி போடு என்றால் போடுவேன், கையுறை மாட்டு என்றால் மாட்டுவேன். ஒருநாள் சேஃப்டி ஆபீசர் வந்து, “குடிச்சா வண்டிய தொடாதீங்க. வீட்டுல இருந்து ஒருத்தர கூப்பிடுங்க, அவங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும்” என்றார். நியாயமான பேச்சாகப் பட்டது. அதையும் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் என்னை விட்டால் வண்டி ஓட்டத் தெரிந்தவன் என் மகன் மட்டும்தான். பதினாறு வயது. அந்த வயதுக்கு லைசென்ஸ் கிடையாது என்று எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் அந்த வயதில் வண்டி ஓட்டாத பையனே இல்லை. அதனால் அது ஒரு குற்றமாகவே தோன்றவில்லை.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் நானும் லைன்காரர்கள் இரண்டு பேரும் நேராக ஒயின்ஷாப்புக்குப் போவோம். நாலரை மணிக்குப் பையனுக்குப் போன் போடுவேன். “டேய், வந்து கூட்டிகினு போடா.” அவன் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்வான். எதிரே பஞ்சர் கடை ஓரமாக அவனைப் போலவே நாலைந்து பையன்கள் அவரவர் அப்பாவுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். “நம்ம டிரைவர் வந்துட்டாம்பா” என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டே வெளியே வருவோம். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

மனைவிக்கு இது பிடிக்கவேயில்லை. “புள்ளைய எதுக்குய்யா அந்த எடத்துக்கு வரச் சொல்ற? குடிக்காம வூட்டுக்கு வந்தா இன்னா கொறஞ்சா பூடும்?” என்று சண்டை போடுவாள்.

“குடிச்சிட்டு வண்டிய தொடாத ஆம்பள இந்தத் தெருவுல எவன்டி கீறான்? காட்டு பாக்கலாம்” என்பேன். அவள் உள்ளே போய்விடுவாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை டியூஷனில் மாட்டிக்கொண்டு பையன் தாமதமாகிவிட்டான். கால் மணி நேரம் பார்த்தேன். கோபம் தலைக்கேறி, நானே வண்டியைக் கிளப்பிவிட்டேன். ஊருக்கு முன்னால் இருக்கும் வளைவில் சேற்றில் விழுந்தேன். முழங்கையில் தோல் பெயர்ந்தது. கடையில் என்னைக் காணாமல் பின்னாலேயே ஆட்டோவில் வந்த பையன் என்னைத் தூக்கி உட்காரவைத்து, பாட்டில் தண்ணீரால் கையைக் கழுவினான். “சாரிப்பா, இனிமே லேட் பண்ண மாட்டேன்” என்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த வாரம், சனிக்கிழமை. வழக்கம்போலப் போன் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு “வரேம்ப்பா” என்றான். வந்தான். சாவியைக் கொடுத்தேன். ஓ.டி. போடாத சூப்பர்வைசரை அவன் தோளுக்கு மேலாகத் திட்டிக்கொண்டே வந்தேன். வண்டி ஒருமுறை அலைந்தது. “நேரா ஓட்றா” என்றேன். அடுத்தது சாலையோரம் நின்றிருந்த டிரெய்லரின் பின்பக்கம். வெயில் இன்னும் இறங்கவில்லை.

எனக்கு நெற்றியில் இரண்டு தையல். அவனுக்கு வலது கால் நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “பையன் குடிச்சிருக்கான், தெரியுமா?” என்று கேட்டார். “குடிச்சது நான் சார். என்மேல அடிக்கிற நாத்தம் அது” என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினார். என் வாயே அவ்வளவு நாறியதில் அவன் வாயிலிருந்து வந்தது எனக்குத் தெரியவில்லை.

“பின்னாடி தானேய்யா ஒக்காந்துகினு வந்த?” என்று மனைவி கேட்டாள். ஒரே ஒருதடவைதான் கேட்டாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்தான். அழுகை வரவில்லை. கேன்டீனில் இட்லி வாங்கிச் சாப்பிட்டேன், அதுவும் இறங்கியது. எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே விளங்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் கண் திறந்து பேசினான். திட்டக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“குடிச்சது குடிச்சிட்ட, போவட்டும். அப்பறம் எதுக்குடா வண்டி ஓட்ட வந்த? வர முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

அவன் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் வரலன்னா நீயே ஓட்டிகினு வந்துடுவியேப்பா” என்றான்.